பொலோன்யாவில் ஒரு பகல்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் இத்தாலி செல்கிறோம். ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸ் போகும் வழியில் பொலோன்யாவில் ஒரு பகல் கிடைக்கிறது. பாசிசத்தை எதிர்த்த நகரம் என்று நீங்கள் எழுதியதிலிருந்து அதைப் பார்க்க ஆசை. என் மைத்துனரோ சிரிக்கிறார். "முசோலினிக்குக் கைதட்டியதும் இதே இத்தாலியர்கள்தானே? நகரை மீட்டது நேச நாட்டுப் படை. எதிர்ப்பெல்லாம் பிறகு கட்டிய கதை" என்கிறார். எங்கே போகலாம்? அவருக்கு என்ன சொல்வது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. 1945 ஏப்ரல் 21 காலையில் நகருக்குள் முதலில் நுழைந்தது நேச நாட்டு அணியிலிருந்த போலந்துப் படைதான். ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியரையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்து ஆயுதம் ஏந்திய பார்ட்டிசான்கள் என்ற மக்கள் போராளிகள் எப்போதும் சிறுபான்மையினரே. மீதிப் பாதிக்கு அவரைப் போர்த்தா லாமே என்ற பழைய கோட்டை வாயிலுக்கு அழைத்துப் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

1944 இலையுதிர் காலத்தில் நேச நாட்டுப் படை நகரத்துக்குத் தெற்கே மலைகளில் நின்றது. இன்றோ நாளையோ வந்துவிடும் என்று நம்பிப் பார்ட்டிசான்கள் நகருக்குள் வந்து பதுங்கினார்கள். நவம்பர் 7 அன்று ஜெர்மானியரும் உள்ளூர்ப் பாசிஸ்டுகளும் ஒரு பதுங்கிடத்தை வளைத்தார்கள். பகல் முழுவதும் சண்டை. மாலையில், இடிந்த மருத்துவமனையில் ஒளிந்திருந்த இன்னொரு குழு வெளியே வந்து வளைத்தவர்களைப் பின்னாலிருந்து தாக்கியது. ஆனால் நேசப் படை வரவில்லை. குளிர்காலம் முழுவதும் மலையிலேயே தங்கிவிட்டது. அந்த மாதங்களில் பிடிபட்டவர்கள் கும்பல் கும்பலாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாரும் உதவிக்கு வராத அந்த ஐந்து மாதங்களை மைத்துனர் தம் கணக்கில் சேர்க்கவில்லை.

வாயிலருகே ஆணும் பெண்ணுமாக இரண்டு வெண்கலப் பார்ட்டிசான்கள் நிற்கிறார்கள். நகரின் விளையாட்டரங்கில் முசோலினிக்கு ஒரு குதிரைச் சிலை இருந்தது. அதை உருக்கிய வெண்கலத்தில் வார்த்தவர்கள் இவர்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு உருப்படியான சிலை உடைப்பு வேறில்லை.

பிறகு நெப்டியூன் சதுக்கம். அங்கே ஒரு சுவர் நிறைய 2,000-க்கும் மேற்பட்ட பார்ட்டிசான்களின் பெயர்களும் படங்களும் இருக்கின்றன. அந்தச் சுவரில் நிறுத்தித்தான் பாசிஸ்டுகள் பலரைச் சுட்டார்கள். விடுதலையான உடனேயே குடும்பத்தினர் தாங்களாகவே பூவும் படமும் கொண்டுவந்து வைத்தார்கள். அரசு அதை நினைவிடமாக்கியது பிறகுதான். படங்களில் இர்மா பாந்தியேராவைத் தேடுங்கள். சித்திரவதை செய்து கண்களைக் குருடாக்கிய பிறகும் அவர் ஒரு தோழரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 1944 ஆகஸ்ட் 14 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 29.

நேரமிருந்தால் சான் ஜொவான்னி இன் மோந்தே. அன்று சிறை, இன்று பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை. இர்மா இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஜெர்மன் சீருடை போட்டுக்கொண்டு கைதிகளைக் கொண்டுவருவதாக நடித்து உள்ளே புகுந்த ஒரு சிறு குழு நூற்றுக்கணக்கானோரைத் தப்பவிட்டது.

ரயில் ஏறுமுன் நிலையத்தின் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறைக்குள்ளும் போய்வாருங்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தண்டித்தது நவ பாசிஸ்டுகளை. ஆகவே 1945-இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மைத்துனருக்குச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இவற்றில் எதற்கும் டிக்கெட் கிடையாது.