மோரித்தேரியத்துக்குத் துதிக்கை வைக்கலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 'யானை வந்த வழி' என்று களிமண் உருவங்கள் செய்கிறோம். வரிசையில் முதலாவதாக, யானைக் குடும்பத்தில் அழிந்துபோன பழங்கால விலங்கான மோரித்தேரியம். தேடிப் பார்த்தால் ஒரு படத்தில் குட்டித் துதிக்கை இருக்கிறது, இன்னொன்றில் நீர்யானை மாதிரி மூஞ்சி. எதைப் பார்த்துச் செய்வது? எவ்வளவு பெரிதாகச் செய்வது?

பதில்: துதிக்கை வேண்டாம்.

துதிக்கையில் எலும்பே கிடையாது. அதனால் அது புதைபடிவமாகக் கிடைப்பது அரிது. இருந்ததா இல்லையா என்பதை மண்டையோட்டை வைத்துத்தான் சொல்கிறார்கள். இன்றைய யானையின் மண்டையோட்டில் மூக்குத் துளை மேலே ஏறிப்போய், நெற்றிக்குக் கீழே ஒரே பெரிய குழியாக இருக்கும். விவரம் தெரியாமல் பார்த்தால் ஒற்றைக்கண் அரக்கனின் மண்டை என்றே தோன்றும். மோரித்தேரியத்தின் மூக்குத் துளை அப்படி ஏறவில்லை, மூஞ்சியின் முன்பக்கமே இருக்கிறது. ஆகவே டேபிர் என்ற பன்றி போன்ற காட்டு விலங்குக்கு இருப்பதுபோல் தடித்து, கொஞ்சம் நீண்டு வளையும் மேலுதடு இருந்திருக்கலாம். உங்கள் மகள் அவ்வளவு வைத்தால் போதும்.

அளவு சுலபம். அது தோள் வரை சுமார் 70 சென்டிமீட்டர் உயரம், 2.3 மீட்டர் நீளம். பத்தில் ஒரு பங்காகச் செய்தால் 7 சென்டிமீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் நீளம். நீண்ட பீப்பாய் உடம்பு, குட்டைக் கால்கள். உள்ளே கம்பி வைக்காவிட்டால் ஈரக் களிமண் நடுவில் தொய்ந்துவிடும். அதே கணக்கில் பக்கத்தில் ஓர் ஆண் இந்திய யானையையும் செய்து வையுங்கள்; அது 27 சென்டிமீட்டர் உயரம் வரும். பார்க்க வருகிறவர்களை நிறுத்துவது அந்த வித்தியாசம்தான். நிறம் யாருக்கும் தெரியாது, மங்கிய பழுப்பு பூசினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

கண்களை முகத்தில் நன்றாக முன்னால் தள்ளி வையுங்கள், மண்டையோடு அப்படித்தான் இருக்கிறது. உருவத்தைச் சதுப்பு நிலத்தில், பாதி தண்ணீரில் நிற்க வையுங்கள். இதற்கு ஆதாரம் உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் இதன் பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) அளந்தார்கள். தரையில் திரியும் விலங்குகளில் ஒவ்வொன்றுக்கும் இந்த அளவு கூடக் குறைய இருக்கும். தண்ணீரிலேயே கிடப்பவற்றில் பெரிய வித்தியாசம் இருக்காது. மோரித்தேரியம் இரண்டாவது ரகம். நீர்ச்செடிகளைத் தின்று வாழ்ந்திருக்கிறது.

அதற்காக நீர்யானை முகத்தை ஒட்டிவிடாதீர்கள். நம் மொழியில் அதற்கு 'யானை' என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, நீர்யானைக்கு நெருங்கிய சொந்தம் திமிங்கிலம். யானைக்குச் சொந்தம் என்றால் பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு. இரண்டுக்கும் மடி பின்னங்கால் பக்கம் இல்லை, மார்பில்தான் இருக்கிறது. மோரித்தேரியத்தையே கடல்பசுக் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தவர்களும் உண்டு.

இடம் எகிப்தின் ஃபையூம். இன்று பாலைவனம். சுமார் 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது கடலோரச் சதுப்பு. 1901இல் அங்கே கிடைத்த எலும்புகளுக்குப் பெயர் சூட்டியவர் சார்லஸ் வில்லியம் ஆண்ட்ரூஸ். பக்கத்தில் பழங்காலத்தில் இருந்த மோரிஸ் ஏரியின் பெயரால் 'மோரிஸ் விலங்கு' என்று வைத்தார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உருவங்களை வரிசையாக நிறுத்தி அம்புக்குறி போடப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். மோரித்தேரியம் யானையின் பாட்டன் இல்லை, ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி. அதன் கிளை சந்ததி இல்லாமல் முடிந்துவிட்டது. யானைக் குடும்பத்தில் அதைவிடப் பழையது மொராக்கோவில் கிடைத்த எரித்தேரியம். 2009இல் விவரிக்கப்பட்டது, வயது சுமார் 6 கோடி ஆண்டுகள். ஆகவே 'முதல் யானை' என்ற அட்டையும் தவறு. சார்ட்டில் ஒரு மரம் வரைந்து, மோரித்தேரியத்தைப் பக்கக் கிளை நுனியில் வையுங்கள். ஓர் உருவம் கூடுதலாகச் செய்ய நேரம் இருந்தால், அதே ஃபையூமில் பின்னால் வாழ்ந்த ஃபியோமியாவைச் செய்யுங்கள். குட்டித் துதிக்கை வைக்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம், அதற்கு இருந்திருக்கும் என்றே கருதுகிறார்கள்.

நடுவர் நிச்சயம் கேட்பார்: "துதிக்கை இல்லாததை ஏன் யானைக் குடும்பத்தில் சேர்த்தீர்கள்?" வாயைத் திறந்த மாதிரி செய்து, மேல் தாடையில் இரண்டாவது வெட்டுப்பல்லை மட்டும் சிறு கொம்புபோல் கீழ்நோக்கி நீட்டி வையுங்கள். யானையின் தந்தமும் அதே இரண்டாவது வெட்டுப்பல்தான்.