சாலையோரச் செங்காந்தளைப் பெயர்த்து வந்து வீட்டில் நடலாமா?

ராமநாதபுரத்துக் கடலோரச் சாலையில் வேலிமேல் படர்ந்து பூத்திருக்கும் செங்காந்தளை இப்போதே தோண்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கொடி பச்சையாக இருக்கும்போதுதான் பழைய கிழங்கு கரைந்து அடுத்த ஆண்டுக்கான கிழங்கு பருக்கும். இடையில் பிடுங்கினால் இரண்டும் போச்சு. கிழங்கு கலப்பைபோல வளைந்திருக்கும், அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்று பெயர். முளை அதன் நுனியில்தான். மண்வெட்டி பட்டு நுனி ஒடிந்தால் மீதி வெறும் சதை.

விதை எடுப்பதே நல்லது. காய் காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் ஒன்றிரண்டை மட்டும் பறியுங்கள். உள்ளே செக்கச்செவேலென்று விதை இருக்கும். உடனே விதைத்தால் முளைக்காது, சில மாத உறக்கம் உண்டு. நிழலில் உலர்த்தி வைத்து, ஐப்பசி மழைக்கு முன் மணல் கலந்த மண்ணில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பூக்க 3, 4 ஆண்டு ஆகும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. இலை நுனியே சுருண்டு கம்பியைப் பற்றும்; அதனால் மெல்லிய குச்சியே போதும், தடித்த கழி உதவாது.

செடி முழுக்கக் கொல்கிசின் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வள்ளிக்கிழங்கென்று தவறாகத் தின்று உயிர் போனதுண்டு. ஆடுகளும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் நடாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.