நம் பட்டை ஏன் குட்டை?

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபேஸ்புக் வருமானத்தைப் பற்றி நீங்கள் போட்டிருந்த பட்டை வரைபடத்தைப் பார்த்தேன். அமெரிக்கப் பட்டை ஓங்கி நிற்கிறது, ஆசியப் பட்டை தரையோடு தரையாகக் கிடக்கிறது. மனசு சுருக்கென்றது. நாள் முழுக்கப் போனைத் தேய்க்கிற எங்கள் விவரத்துக்கு மதிப்பு அவ்வளவுதானா? ஒரு பைசா கட்டாத எங்களிடமிருந்து அவர்களுக்குப் பணம் எப்படி வருகிறது?

இன்னொன்று. போன வாரம் அப்பாவும் நானும் வள்ளத்துக்குப் புது இன்ஜின் வாங்குவது பற்றி வீட்டில் பேசினோம். மறுநாள் காலையில் என் போனில் இன்ஜின் விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதா?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)
தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் படத்தில் எண்கள் சரி. வரைந்த விதத்தில்தான் தப்பு செய்துவிட்டேன்.

2023இன் கடைசி மூன்று மாதங்களில் ஃபேஸ்புக் ஒரு ஆளுக்குச் சராசரியாகச் சம்பாதித்தது அமெரிக்கா–கனடாவில் 68.44 டாலர், ஆசிய-பசிபிக் பகுதியில் 5.52 டாலர். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் தன் முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்கு இது. அந்தக் காலாண்டோடு இப்படிப் பகுதி வாரியாகப் பிரித்துச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். நான் இந்த எண்களை உயரமாக மட்டும் வரைந்தேன். எத்தனை பேர் என்பதை அகலமாகக் காட்டியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை மொட்டைமாடியில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். ஒரு டாலருக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம், ஒரு கோடிப் பேருக்கு ஒரு சென்டிமீட்டர் அகலம். அமெரிக்கா–கனடாவில் மாதம் ஒருமுறையாவது ஃபேஸ்புக் திறப்பவர்கள் சுமார் 27 கோடி. அந்தக் கட்டம் சன்னல் கதவு போல நின்றது. ஆசிய-பசிபிக்கில் 136 கோடிக்கு மேல். அதை வரைய மண்டியிட்டு நகர்ந்துகொண்டே போக வேண்டியிருந்தது. ஐந்தரை சென்டிமீட்டர் உயரத்தில், துடுப்புக் கம்பு போல நீண்டு கிடந்தது. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: அங்கே சுமார் 1,850 சதுர சென்டிமீட்டர், இங்கே 750. உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காகத் தெரிந்தது, பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. நம் பக்கத்திலிருந்து போகும் பணம் அற்பமல்ல. பலர் தலையில் மெல்லியதாகப் பரவிக் கிடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

தலைக்கு ஏன் குறைவு என்றால், உங்கள் விவரம் மட்டம் என்பதால் இல்லை. பாம்பன் கரையில் நண்டின் விலை ஏற்றுமதிக்காரர் கையிலிருக்கும் ஆர்டரைப் பொறுத்து ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியும். நண்டு அதே நண்டுதான். விளம்பரம் கொடுப்பவர், பார்ப்பவரிடமிருந்து எவ்வளவு வியாபாரம் தேறும் என்று கணக்குப் போட்டே காசை இறக்குகிறார்.

பணம் வரும் வழிக்கு வருகிறேன். 2023இல் மெட்டாவுக்கு வந்த ஒவ்வொரு 100 டாலரிலும் கிட்டத்தட்ட 98 டாலர் விளம்பரக் காசு. உங்கள் விவரத்தைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விவரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரே வந்து நிற்கும் இடத்தை ஏலம் விடுகிறார்கள். நீங்கள் திரையைத் தள்ளத் தள்ள, விளம்பரம் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஏலம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது.

நம் கரை ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கு மீன். அங்கே அப்படியல்ல. கேட்ட தொகையை, நீங்கள் அந்த விளம்பரத்தைத் தொடுவீர்களா, பொருளை வாங்குவீர்களா என்ற கணிப்பால் பெருக்குகிறார்கள். விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு நகைக்கடை 10 ரூபாய் கேட்கிறது, நீங்கள் தொட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் கடை 4 ரூபாய்தான் கேட்கிறது, ஆனால் வாய்ப்பு நூற்றில் ஐந்து. பெருக்கினால் 10, 20. இன்ஜின் கடை ஜெயித்துவிடும். அந்த ‘நூற்றில் ஐந்து’ எங்கிருந்து வந்தது? நீங்கள் எந்த வீடியோவில் நின்றீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எந்தக் கடைத் தளத்துக்குப் போனீர்கள் என்ற விவரத்திலிருந்து. உங்கள் விவரம் காசாக மாறும் இடம் இதுதான்.

ஒட்டுக்கேட்பதைப் பற்றி. அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி எதுவும் அவர்களுக்குச் சிக்கவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியது சிக்கியது. உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? பேசுவதற்கு முன்போ பின்போ யாராவது இன்ஜின் விலையைத் தேடியிருப்பீர்கள். பல கடைகளின் தளங்களில் மெட்டா கொடுத்த சிறு நிரல் துண்டு ஒன்று இருக்கிறது. யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று அது மெட்டாவுக்குச் சேதி சொல்லிவிடும். ஒட்டுக்கேட்கவே தேவையில்லாத அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

‘ஒரு பைசா கட்டுவதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். வியாபாரியிடம் வலைக்கு முன்பணம் வாங்கியவர் வட்டி கட்டுவதில்லை. ஆனால் மீனை வேறு யாருக்கும் போட முடியாது, அவர் சொன்னதுதான் விலை. செயலி இலவசம் என்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வியாபாரியின் நோட்டில் உங்கள் அப்பாவின் பற்றுவரவை அவர் கேட்டுப் பார்க்கலாம்.

இவர்களுடைய நோட்டையும் கொஞ்சம் திறக்கலாம். 2011இல் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்ட மாணவர் தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் கொடு என்று ஃபேஸ்புக்கிடம் கேட்டார். 1,222 பக்கம் வந்தது. இன்று நீங்கள் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் உங்கள் தகவலைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வெளியிலுள்ள எந்தெந்த நிறுவனங்கள் உங்களைப் பற்றி மெட்டாவுக்குச் சொல்லின என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. திறந்து, அந்த இன்ஜின் கடை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்தத் தேதி என்று எனக்கு எழுதுங்கள். நீங்களும் அப்பாவும் பேசியது அதற்கு முன்பா பின்பா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா