ஹார்த்ஸ்டோன் மாதிரி கார்டு கேம்களில் காசு போடாமல் ஜெயிக்க முடியுமா? பணம் போட்டவன் டெக்தானே எப்போதும் பலமானது?

முடியும். ஒரே டெக்கை மாதக்கணக்கில் ஆடினாலும் சலிக்காத ஆளாக இருந்தால் தாராளமாக முடியும்.

கேள்வி கேட்டவர் விவரத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: தம்பி ஹார்த்ஸ்டோனில் தொடர்ந்து தோற்கிறான், எதிரில் ஆடுபவர்கள் இறக்குவதெல்லாம் ஆரஞ்சுக் கல் பதித்த லெஜண்டரி என்ற மிக அரிய வகைக் கார்டுகளாக இருக்கின்றன, அதனால் 3,000 ரூபாய்க்கு பேக் (கார்டுப் பொட்டலம்) வாங்கியே தீருவேன் என்று வீட்டில் மல்லுக்கு நிற்கிறான். நான் இந்த கேம் வந்த 2014-லிருந்து விட்டு விட்டு ஆடிவருகிறேன். நடுவில் வேறு கார்டு கேம்களையும் தொட்டுப் பார்த்ததுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 3,000 ரூபாயால் தம்பியின் தோல்வி நிற்காது. பணம் போட்டால் கிடைப்பது, சலித்துப்போன டெக்கை ஓரம் கட்டிவிட்டு இன்னொன்றுக்கு மாறும் வசதி. அதற்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் ஜெயிப்பதற்கும் உள்ள தொடர்பு, தோற்றுக்கொண்டிருப்பவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

ஆடாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக் என்பது ஆட நாமே கட்டிக்கொள்ளும் கார்டுக் கட்டு, அதில் 30 கார்டுகள். ஒரே கார்டை இரண்டு வரை வைக்கலாம், லெஜண்டரி என்றால் ஒன்றுதான். இரண்டு பக்கமும் 30 உயிர். முதல் டர்னில் 1 மானா, அடுத்த டர்னில் 2, இப்படியே 10 வரை ஏறும். ஒவ்வொரு கார்டையும் இறக்க அதற்குரிய மானாவைக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையில் கிடைத்த பெரிய கார்டுகளையெல்லாம் டெக்கில் அடைத்துவிடுகிறார்கள். 7 மானா, 8 மானா, 9 மானா. பார்க்க மிரட்டலாக இருக்கும். முதல் நான்கைந்து டர்ன் எதையும் இறக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கார்டுக்கான மானா சேரும்போது உயிர் 12-ல் நிற்கும். தம்பியின் டெக்கை நான் பார்த்ததில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன், அவன் டெக்கில் 1, 2 மானா கார்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும்.

ஆரம்ப காலத்தில் வார்லாக் என்ற வகுப்புக்கு 'ஜூ' என்றொரு டெக் இருந்தது. சின்னச் சின்ன மினியன்களாக, அதாவது மேடையில் நின்று சண்டை போடும் கார்டுகளாக, இறக்கி மேடையை நிரப்பும் டெக். அதிலிருந்து ஒரே ஒரு டர்னை மட்டும் காட்டுகிறேன். எதிராளி நான்காவது டர்னில் சில்விண்ட் யெட்டியை இறக்குகிறார். 4 மானா, தாக்கு 4, உயிர் 5. அந்தக் காலத்தில் யெட்டியைப் பார்த்தாலே கொஞ்சம் பயம்தான். உங்கள் பக்கம் முதல் டர்னிலேயே இறக்கிய ஃப்ளேம் இம்ப் நிற்கிறது. 1 மானா, தாக்கு 3, உயிர் 2. இப்போது உங்கள் டர்ன், கையில் 4 மானா. அப்யூசிவ் சார்ஜென்ட்டை இறக்குகிறீர்கள். அதுவும் 1 மானாதான். இறங்கும்போது ஒரு மினியனுக்கு அந்த டர்னுக்கு மட்டும் தாக்கில் 2 கூட்டும். இம்ப்பின் தாக்கு 5 ஆகிறது. யெட்டியின் உயிரும் சரியாக 5. இடித்தால் இரண்டும் சாகும். அவருக்குப் போனது 4 மானா கார்டு, உங்களுக்குப் போனது 1 மானா கார்டு. சார்ஜென்ட் மேடையில் மிச்சம், 3 மானாவும் மிச்சம். அதில் 2 மானா கொடுத்து வார்லாக்கின் ஹீரோ பவரை அமுக்கினால், 2 உயிரை இழந்து ஒரு கார்டை உருவிக்கொள்ளலாம். மீதி 1 மானாவுக்கு இன்னொரு சின்ன மினியன். எதிராளி தன் டர்னுக்கு வரும்போது அவர் மேடை காலி, உங்கள் மேடையில் இரண்டு பேர்.

காமன், ரேர், எபிக், லெஜண்டரி என்று கார்டுகள் வரிசையாக அரிதாகிக்கொண்டே போகும். இம்ப்பும் சார்ஜென்ட்டும் காமன் வகை, ஒன்றைச் செய்ய 40 டஸ்ட்தான் ஆகும். டஸ்ட் என்பது வேண்டாத கார்டைக் கரைத்துச் சேர்க்கும் தூள். அதைக் கொடுத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். அன்றைய ஜூ டெக்கை முழுக்கச் செய்தாலும் ஒரே ஒரு லெஜண்டரியின் விலையான 1,600 டஸ்டுக்குள் முடிந்துவிடும். அதே சமயத்தில் கன்ட்ரோல் வாரியர் என்ற டெக்குக்கு 'வாலட் வாரியர்' (பணப்பை வீரன்) என்றே பட்டப்பெயர். லெஜண்டரியும் எபிக்குமாகச் சேர்ந்து 10,000 டஸ்டைத் தாண்டும். இரண்டு டெக்குகளும் தரவரிசை ஏணியின் உச்சிவரை போயின. ஜூ ஆடியவர்கள் அங்கே சீக்கிரமும் போனார்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டமும் சட்டென்று முடிந்துவிடும்.

லெஜண்டரி பற்றி இன்னொரு கணக்கு. முதலில் ஆடுபவர் கையில் தொடக்கத்தில் 3 கார்டுகள், அப்புறம் டர்னுக்கு ஒன்று. ஆட்டம் ஏழாவது டர்னில் முடிந்தால் மொத்தம் பார்த்தது 10 கார்டுகள். தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் கார்டுகளைக் கணக்கில் விட்டுவிடுங்கள். 30-ல் 10. அதாவது வேகமான டெக்கில் நீங்கள் 1,600 டஸ்ட் கொட்டிச் செய்த லெஜண்டரி மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறைதான் கண்ணில் படும். எதிராளி அதை இறக்கி நம்மை நசுக்கிய ஆட்டம் மட்டும் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அது டெக்கின் அடியில் தூங்கிய ஆட்டங்கள் நமக்குத் தெரிவதே இல்லை.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஒரு பேக்கில் 5 கார்டுகள். கேம் வெளியான காலத்தில் 40 பேக்குக்கு 49.99 டாலர், இல்லையென்றால் ஆடிச் சம்பாதித்த தங்கத்தில் பேக்குக்கு 100. ஒரு பேக்கை முழுக்கக் கரைத்தால் சராசரியாக 100 டஸ்ட் தேறும். ஆக, 50 டாலரைக் கொட்டி 40 பேக்கையும் கரைத்தால் 4,000 டஸ்ட். இரண்டரை லெஜண்டரி. காமன் கார்டைச் செய்ய 40, கரைத்தால் 5. ரேர் 100-க்கு 20. எபிக் 400-க்கு 100. லெஜண்டரி 1,600-க்கு 400. பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கும்போது செய்கூலி, சேதாரம் என்று பிடிப்பார்கள் அல்லவா, இங்கே சேதாரமே முக்கால் பங்குக்குக் குறையாது. அதனால்தான் அவசரத்தில் எதையும் கரைக்காதீர்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு டெக் செய்வதோடு செலவு நின்றுவிட்டால் பிரச்சினையே இல்லை. நிற்காது. 2016 ஏப்ரலில், சமீபத்திய தொகுப்புகளின் கார்டுகளை வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் முறை வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை பழைய தொகுப்புகள் அதிலிருந்து வெளியேறும். 2017-ல் மட்டும் மூன்று தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 135 கார்டுகள். இது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த செலவு, தேதி தெரியும், தயாராகலாம். தேதி சொல்லாமல் வருவது நெர்ஃப், அதாவது பலம் மிஞ்சிய கார்டை நிறுவனம் மட்டம் தட்டுவது.

பலரும் நினைப்பது, காசு வாங்குகிறார்கள், எனவே விலை உயர்ந்த கார்டைத் தொடமாட்டார்கள் என்று. நடந்ததைப் பார்த்தால் அடி வாங்கியவற்றில் மலிவான கார்டுகள் ஏராளம். அண்டர்டேக்கர் என்ற 1 மானா கார்டு 2014 ஜூலையில் நாக்ஸ்ராமஸ் தொகுப்பில் வந்தது. டெத்ராட்டில் (சாகும்போது ஏதாவது விளைவைத் தரும்) மினியன் ஒவ்வொன்று இறங்கும்போதும் அதன் தாக்கும் உயிரும் ஒன்று ஒன்று ஏறும். முதல் டர்னில் ஒருவர் இதை இறக்கி, மற்றவருக்குப் பதில் இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரிதான். அதைத் திருத்த 2015 ஜனவரி ஆனது. உயிர் ஏறாது, தாக்கு மட்டும் ஏறும் என்றாக்கினார்கள். அரை வருடம் அந்தக் கார்டின் முகத்திலேயே விழித்தோம்.

நெர்ஃப் ஆன கார்டைக் கரைத்தால் குறிப்பிட்ட நாட்களுக்கு முழு டஸ்டும் திரும்பக் கிடைக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. 2015 அக்டோபரில் வார்சாங் கமாண்டருக்கு நடந்ததைப் பாருங்கள். தாக்கு 3 அல்லது அதற்குக் குறைவான மினியன் எதை இறக்கினாலும் அதை அதே டர்னில் பாயவைக்கும் கார்டு அது. கிரிம் பேட்ரன் என்ற மினியனோடு சேர்ந்தால் ஒரே டர்னில் மேடையைத் தலைகீழாக்கும். பேட்ரன் அடிபட்டும் சாகவில்லையென்றால் இன்னொரு பேட்ரன் முளைக்கும். நிறுவனம் பேட்ரனைத் தொடவில்லை, கமாண்டரை ஒன்றுக்கும் உதவாததாக மாற்றியது. டெக் ஒரே நாளில் படுத்தது. கமாண்டரோ எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த அடிப்படைக் கார்டு, அதைக் கரைக்கவே முடியாது. எனவே திரும்பக் கிடைத்த டஸ்ட் பூஜ்யம். பேட்ரன் வந்த பிளாக்ராக் மவுன்டன் தொகுப்பைக் காசோ தங்கமோ கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கார்டுகளையும் அப்போது கரைக்க முடியாது. கூட ஆடிய மற்ற கார்டுகளுக்கு வழக்கமான அடிமாட்டு விலைதான். விதிப்படி நஷ்ட ஈடே மட்டம் தட்டிய ஒரு கார்டுக்குத்தான், நஷ்டமோ 30 கார்டுக்கு.

பின்னாளில் வேகம் கூடியது. 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புது வகுப்பு வந்து எல்லோரையும் அடித்து நொறுக்கியபோது ஓரிரு நாளிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆட்டத்துக்கு இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் புதுத் தொகுப்பு வந்த முதல் வாரத்திலேயே, யாரோ ஜெயித்த டெக்கைப் பார்த்து 5,000 டஸ்டைக் கொட்டியவருக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. என் பழக்கம் இது: தொகுப்பு வந்து இரண்டு வாரம் எதையும் செய்யமாட்டேன். கையிலிருப்பதை வைத்து ஒப்பேற்றுவேன். மெட்டா, அதாவது எல்லோரும் எந்த டெக்குகளை ஆடுகிறார்கள் என்ற நிலவரம், ஒரு நிலைக்கு வந்து, முதல் நெர்ஃபும் முடிந்த பிறகுதான் டஸ்டில் கை வைப்பேன். அதுவும் எல்லா வகுப்பிலும் சேரக்கூடிய நியூட்ரல் கார்டுகளுக்கு முதலிடம்.

இன்னும் நியாயமாக நடத்தும் கேம் ஏதும் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். இருந்தது. ரயட் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட லெஜண்ட்ஸ் ஆஃப் ரன்டெரா. ஒழுங்காக ஆடினாலே வேண்டிய கார்டெல்லாம் சேர்ந்துவிடும், வேண்டிய கார்டை நேராகவும் வாங்கலாம். இத்தனை தாராளமான கேமை நான் பார்த்ததில்லை. 2024 ஜனவரியில் ஆட்குறைப்பை அறிவித்தபோது, அந்த கேம் தன் செலவுக்கே சம்பாதிக்கவில்லை என்று ரயட் சொன்னது. குழு சுருங்கியது, ஆளுக்கு ஆள் மோதும் பகுதி பின்னுக்குப் போனது, தனியாக ஆடும் பகுதியில்தான் இப்போது கவனம். நேர்மாறான கதை வால்வ் நிறுவனத்தின் ஆர்டிஃபாக்ட் என்ற கேம். மேஜிக் கார்டு விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே வடிவமைத்தது. 2018 நவம்பரில் 20 டாலர் நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் பேக்குக்குக் காசு, கார்டை வால்வின் ஸ்டீம் இணையச் சந்தையில் வாங்க விற்கலாம், ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனத்துக்குப் பங்கு. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 60 ஆயிரம் பேர் ஆடினார்கள். அடுத்த ஆண்டுக்குள் சில நூறு பேராகச் சுருங்கியது. 2021 மார்ச்சில் வேலையை நிறுத்திவிட்டு இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

எனவே ஹார்த்ஸ்டோன் போன்றவற்றில் யாரோ சிலர் கொட்டும் காசில்தான் நாம் சும்மா ஆடுகிறோம். தம்பி அந்தச் சிலரில் ஒருவனாக இருக்க வேண்டுமா என்பதுதான் வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

எப்படியும் வாங்கியே ஆவேன் என்றால், பழைய தொகுப்பு பேக்குகளைத் தொடாமல் புதுத் தொகுப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புதுத் தொகுப்பிலும் முதல் 10 பேக்குக்குள் ஒரு லெஜண்டரி நிச்சயம். அதன் பிறகு 40 பேக்குக்குள் ஒன்றுதான் உறுதி. முதல் பத்தை வாங்கிவிட்டு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம், அந்தப் பத்துக்கும் ஆடிச் சேர்த்த தங்கமே போதும்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அவன் டெக்கைத் திறந்து 7 மானாவும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளை எண்ணச் சொல்லுங்கள். நான்கைத் தாண்டினால் மிச்சத்தை எடுத்துவிட்டு 1, 2 மானா காமன் கார்டுகளைப் போடட்டும். ஒரு வாரம் அப்படி ஆடட்டும். அவனுக்குப் பிடித்தது எதிராளியை ஜெயிப்பதைவிட டெக் கட்டுவதுதான் என்று தெரிந்தால், ஸ்லே தி ஸ்பையர் வாங்கிக் கொடுங்கள். ஒரு முறை காசு, பேக் கிடையாது, டஸ்ட் கிடையாது, தனியாக ஆடுவது. போனிலும் ஓடும். விலை அவன் கேட்கும் 3,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது.