ஒட்டுத்தாடி எதற்கு? ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பாருங்கள்

கேள்வி: மதுரை, திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு ஐந்து ஜவுளிக்கடைகள் இருக்கின்றன. 140 பேர் வேலை பார்க்கிறார்கள். 'அண்டர்கவர் பாஸ்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியை என் மகன் போட்டுக் காட்டினான். அதேபோல் நானும் மாறுவேடத்தில் ஒரு கிளையில் ஒரு வாரம் சேல்ஸ்மேனாக நின்றால் யார் திருடுகிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா? எப்படிச் செய்வது?

பதில்: வேலை பாருங்கள் சார், தாராளமாக. வேஷம் மட்டும் வேண்டாம்.

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைத்தது நீங்கள், தீபாவளி போனஸ் கவரைக் கையில் கொடுத்ததும் நீங்கள். தாடி ஒட்டினாலும் இருமலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள், ஒரு வாரம் உங்களுக்கு நாடகம் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

அந்த நிகழ்ச்சியில் வேஷம் எப்படி எடுபடுகிறது என்று கேட்பீர்கள். அங்கே வருகிறவை பல மாநிலங்களில் பரந்து கிடக்கும் கம்பெனிகள், கீழே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தலைவரை நேரில் பார்த்ததே இல்லை. அப்படியும் பக்கத்தில் ஒரு கேமரா கூட்டம் நிற்கிறது, புதிதாக வேலைக்குச் சேருகிறவரைப் பற்றி ஏதோ படம் எடுக்கிறோம் என்று ஊழியர்களிடம் சொல்லி வைக்கிறார்கள். கேமரா முன்னால் யார் இயல்பாக இருப்பார்கள்? கடைசியில் நாலைந்து பேரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நான்தான் முதலாளி என்று சொல்லி, ஒருவருக்குப் பணம், ஒருவருக்குப் பதவி உயர்வு, எல்லோருக்கும் கண்ணீர். டிவிக்கு அது நன்றாக இருக்கிறது. மீதி ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன கிடைத்தது என்பதை எபிசோடில் தேட வேண்டியிருக்கும்.

இந்த வகை நிகழ்ச்சி வேஷத்தோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997-ல் பிபிசியில் 'பேக் டு தி ஃப்ளோர்' என்று ஒன்று வந்தது, அதில் தலைவர்கள் சொந்த முகத்தோடே கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். டிவி தயாரிப்பாளர் ஸ்டீபன் லாம்பர்ட்டின் நிறுவனம் தயாரித்த 'அண்டர்கவர் பாஸ்' பிரிட்டனின் சேனல் 4-ல் 2009-ல்தான் வந்தது, வேஷம் அதோடு சேர்ந்தது.

அமெரிக்காவில் அதன் முதல் எபிசோட் 2010 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிந்த கையோடு சிபிஎஸ் டிவியில் ஓடியது. ஏறக்குறைய 3.86 கோடி பேர் பார்த்தார்கள். வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற பெரிய குப்பை அள்ளும் கம்பெனியின் தலைவர் லாரி ஓ'டானல் அதில் வந்தார். குப்பை மேட்டில் காற்றில் பறக்கும் காகிதம் பொறுக்க விட்டார்கள், வேகம் போதவில்லை என்று அந்த வேலையிலிருந்தே துரத்திவிட்டார்கள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது இந்தக் காட்சிதான். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, சாப்பாட்டு இடைவேளையில் வருகை அட்டையை ஒரு நிமிடம் தாமதமாகப் பஞ்ச் பண்ணினால் இரண்டு நிமிடச் சம்பளம் பிடிக்கிறார்கள், அதனால் ஒரு பெண் ஓடிப்போய் அட்டையைப் போடுகிறார். இன்னொன்று, குப்பை லாரி ஓட்டும் ஒரு பெண், அன்றைய ரூட்டை முடிக்க வேண்டிய அவசரத்தில் இறங்கிக் கழிவறை தேட நேரமில்லாமல் வண்டியிலேயே ஒரு டப்பாவை வைத்திருக்கிறார். அந்த வேகக் கணக்கு மேலேயிருந்து வந்தது, ஓ'டானலும் சேர்ந்து அழுத்திய கணக்கு. திருடனைத் தேடிப் போனவர் கண்ணாடியைப் பார்த்த கதை. (நம் ஊர்ச் சம்பளச் சட்டத்தில், வராத நேரத்துக்கு உரியதைவிட அதிகமாகப் பிடிக்கப் பொதுவாக இடமில்லை. உங்கள் கடையில் 'மூணு லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம்' இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.)

செவன் இலெவன் என்ற சில்லறைக்கடைச் சங்கிலியின் எபிசோடும் பாருங்கள். அப்போதைய தலைவர் ஜோ டிபின்டோ, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கடையில் ஒரு நாளைக்கு 2,500 கப் காபி எப்படி விற்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனார். மெஷினிலோ இடத்திலோ ரகசியம் எதுவும் இல்லை. அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கு வருகிறவர்களின் பெயரெல்லாம் தெரியும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள விக் வேண்டுமா? காலையில் இரண்டு மணி நேரம் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு ஜவுளிக்கடை முதலாளியை, வேஷமில்லாமல், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்கச் சேலைப் பிரிவில் நிற்க வைத்தேன். ஒரு கல்யாண வீட்டார் வந்து நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, 'அப்புறம் வர்றோம்' என்று எழுந்து போனார்கள். அந்த நாற்பதையும் மடித்து அடுக்கியபோதுதான், விற்பனைக் கணக்கு நோட்டில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு எதிரே பூஜ்யம் என்றுதான் விழும் என்பது அவருக்கு உறைத்தது. நாலு மணிக்குக் கால் கடுத்து ரேக்கில் சாய்ந்தார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, அவரும் ஸ்டூல் வாங்கித்தான் போட்டிருந்தார். அது கவுன்டருக்கு அடியில் இருந்தது, மேலே பாலித்தீன் கவர் கட்டு. ஏன் யாரும் உட்காரவில்லை என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டார். 'உட்கார்ந்தா கேமரால தெரியும் சார்.' அந்த கேமராவின் படம் ஓடுவது அவருடைய சொந்த போனில்.

வேஷம் போட்டுப் போயிருந்தால் அந்தப் பெண்ணை ரகசியமாகப் பேச வைத்து மாட்டிவிட்டது போல் ஆகியிருக்கும். மதுரைக்காரருக்குப் பொற்கைப் பாண்டியன் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. மாறுவேடத்தில் இராக்காவல் போன ராஜா நல்லெண்ணத்தில் தட்டிய ஒரு கதவால் ஒரு பெண்மேல் சந்தேகம் விழப் பார்த்தது, அதை மறைக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டினான், கடைசியில் கதவைத் தட்டிய தன் கையையே தண்டனையாக வெட்டிக்கொண்டான். உங்கள் விஷயத்தில் வெட்டுப்படப் போவது உங்கள் கை இல்லை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து மூன்று மாதமான யாரோ ஒரு பையனின் வேலை. அதற்கப்புறம் கடைக்குப் புதிதாக வரும் எவரிடமும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திருட்டு வேறு விஷயம், அதை ஸ்டாக் எடுத்தும் பில்லோடு ஒப்பிட்டும்தான் பிடிக்க வேண்டும். அதை இதோடு கலக்காதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? கூட்டம் உள்ள நாளாகப் பாருங்கள், ஆடித் தள்ளுபடியில் ஒரு சனிக்கிழமை உத்தமம். கடை யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் சொமேட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் 2024 அக்டோபரில் குருகிராமில் டெலிவரிக்குப் போனபோது தாடி எதுவும் ஒட்டவில்லை, கம்பெனி சட்டைதான். மால் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் போகச் சொன்னார்கள். அந்தச் சட்டையே போதுமான வேஷம். கல்லா பக்கம் போகாதீர்கள். சீனியர் சேல்ஸ் அக்கா ஒருவருக்குக் கீழே நின்று அவர் சொல்வதைச் செய்யுங்கள். அவர்கள் சாப்பிடும் இடத்தில், அவர்களுக்குத் தரும் நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அவர்களுடைய கழிவறைக்கே போங்கள். அது மூன்றாவது மாடியில் இருந்து, போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்றால், பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது தானாகத் தெரியும்.

மறுநாள் மேனேஜர் கூட்டத்தில் ஒரு பெயர்கூடச் சொல்லக் கூடாது. எந்த விதி இடிக்கிறது என்று மட்டும் பேசுங்கள், பதினைந்து நாளுக்குள் ஒன்றையாவது மாற்றுங்கள், ஐந்து கிளைக்கும் சேர்த்து. நன்றாக வேலை பார்த்த ஒருவருக்கு மட்டும் ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள், மீதி 139 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் போங்கள். முதல் தடவை எல்லோரும் முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், மூன்றாவது தடவைதான் பேச்சு வரும்.

மகனையும் அனுப்புங்கள், ஆனால் வேறு கிளைக்கு, காரில் போகாமல் அவர்கள் வரும் பஸ்ஸில். பஞ்ச் மெஷின் அவருக்கு 9.34 காட்டினால் அன்றைக்கு அவர் பெயருக்கும் லேட் விழட்டும்.