ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

கேள்வி: முதல் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். இறங்கி ஓடுவதற்குள் அடுத்த விமானத்தின் கேட்டை மூடிவிட்டார்கள். நான் வரவில்லை என்று பதிந்து, திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டார்கள். இழப்பீடு கேட்கலாமா?

பதில்: முதலில் இதைப் பாருங்கள். இரண்டு விமானங்களுக்கும் ஒரே பிஎன்ஆர் எண்தானா, அதாவது ஒரே முன்பதிவு எண்தானா? ஒரே எண் என்றால் உங்களைக் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தாமதம் அவர்களுடையது, அடுத்த விமானத்தில் கூடுதல் காசு வாங்காமல் இடம் கேளுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

பதினெட்டு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கும், பயணிகள் ஏறும் பாலமான ஏரோபிரிட்ஜ்கூட விலகியிருக்காது. கையில் இரண்டு பிரின்ட் அவுட்டோடு மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். கணினியில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘நோ ஷோ’, அதாவது வரவில்லை என்று விழுந்திருக்கும். அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. கொஞ்சம் மலிவு என்பதற்காகப் பயணத்தைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள்.

சரி, இழப்பீடு. அது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும், கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். புயல், விமான நிலையம் மூடல் என்றால் அந்தப் பணம் கிடையாது. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் தந்தே ஆக வேண்டும். சாதாரண இயந்திரக் கோளாறு சாக்காகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது.

அதனால்தான் காரணம் முக்கியம். கவுண்டரில் ‘ஆபரேஷனல் ரீசன்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், அவசரத்தில் நீட்டும் வவுச்சருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பணமாகக் கேட்கும் உரிமையை அந்தக் கையெழுத்திலேயே இழந்துவிடலாம்.

கேள்வி: தவறு என்னுடையதே. போக்குவரத்து நெரிசலில் விமானத்தை விட்டுவிட்டேன். ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: கட்டணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் பறக்காத பயணத்துக்கான விமான நிலைய வரிகளைப் பல நிறுவனங்கள் கேட்டால் திருப்பித் தருகின்றன. நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும். இனி இப்படி நேர்ந்தால், விமானம் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்துக்குப் போன் செய்து, திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யாமல் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது.