கர்ப்பப் பரிசோதனையில் டேப் வைத்து வயிற்றை அளப்பது எதற்காக?

தக்கலை, குலசேகரம் பக்கம் செக்கப்புக்குப் போகும் பெண்கள் பலருக்கும் வரும் கேள்வி இது: ஸ்கேன் இருக்கும்போது நர்ஸ் ஏன் தையல் டேப்பால் வயிற்றை அளக்கிறார்?

அவர் அளப்பது கர்ப்பப்பையின் உயரம். அடிவயிற்றின் கீழே தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை எத்தனை செ.மீ. என்று பார்க்கிறார். குழந்தை வளர வளர உச்சியும் மேலேறும். 12 வாரத்தில் அந்த எலும்பைத் தாண்டும், 20-இல் தொப்புளை ஒட்டி வரும். 24-க்குப் பிறகு வாரமும் செ.மீ.யும் ஏறக்குறைய ஒன்றுதான்: 28 வாரம் என்றால் 26 முதல் 30 வரை சரி.

பேச்சிப்பாறை அணையை நினைத்துப் பாருங்கள். தண்ணீரை யாரும் முகந்து அளப்பதில்லை. நீர்மட்டம் இத்தனை அடி என்று தினமும் குறிக்கிறார்கள். நேற்றைவிட ஏறியதா என்பதுதான் சேதி. இங்கும் ஒருநாள் எண்ணைவிட, போன தடவையிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதே முக்கியம். அதனால் ஒவ்வொரு தடவையும் அளவை எழுதித் தரும் செக்கப் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், அளக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை அளவைக் கூட்டிக் காட்டும்.

கூடினாலோ குறைந்தாலோ உடனே பயப்பட வேண்டாம். தேதிக் கணக்கு தவறியிருக்கலாம், குழந்தை குறுக்கே கிடக்கலாம், இரட்டையாக இருக்கலாம், குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் கூடியோ குறைந்தோ இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். எழுதித் தந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

"வயிறு சின்னதாத் தெரியுதே, பிள்ளை வளரலையோ" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்ப வேண்டாம்: உயரமான பெண்ணுக்கும் முதல் கர்ப்பத்திலும் வயிறு வெளியே குறைவாகத் தெரியலாம், டேப் அளப்பது அந்த வெளித்தோற்றத்தை அல்ல.